இரண்டு மணி நேரமாக, இரண்டு மணியிலிருந்து

கேள்வி: ஆறு மாதமாக ஆங்கிலம் படிக்கிறேன். ஜனவரியிலிருந்து தினமும் பத்துக் குழப்பச் சொல் ஜோடிகளை மனப்பாடம் செய்கிறேன். ‘பாரோ - லெண்ட்’, ‘சின்ஸ் - ஃபார்’, ‘ஹியர் - லிஸன்’ எல்லாம் நோட்டில் இருக்கின்றன. வாயைத் திறந்தால் மாறிப்போகின்றன. தமிழில் யோசிப்பதுதான் தடை, தமிழை மறந்துவிட்டு ஆங்கிலத்திலேயே சிந்தியுங்கள் என்கிறார் பயிற்சியாளர். அவர் சொல்வது சரியா? ‘கலர்’ என்று எழுதும்போது ‘யு’ வேண்டுமா, வேண்டாமா?

பதில்: சரியில்லை. உங்கள் கேள்வியையே திரும்பப் படியுங்கள். ‘ஆறு மாதமாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியில் ‘ஜனவரியிலிருந்து’ என்கிறீர்கள். கால அளவைச் சொல்ல ‘ஆக’, தொடங்கிய நேரத்தைச் சொல்ல ‘இலிருந்து’. முன்னது ‘ஃபார்’, பின்னது ‘சின்ஸ்’. அவ்வளவுதான். ‘இரண்டு மணி நேரமாகக் காத்திருக்கிறேன்’ என்பீர்கள். ‘இரண்டு மணியிலிருந்து காத்திருக்கிறேன்’ என்றும் சொல்வீர்கள். ‘இரண்டு மணி நேரத்திலிருந்து’ என்று நம் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லாது. ஆங்கிலத்தில் மட்டும் ‘சின்ஸ் டூ அவர்ஸ்’ என்று ஏன் வருகிறது? தமிழில் யோசித்ததால் வந்த பிழையா இது? தமிழில் யோசித்திருந்தால் ‘ஃபார்’ தானாக வந்து விழுந்திருக்கும்.

‘கேள்’ என்ற சொல்லைப் பாருங்கள். ஹியர், லிஸன், ஆஸ்க் மூன்றுக்கும் தமிழில் ஒரே வினைதான், அதனால்தான் குழப்பம் என்பார்கள். ஆனால் ‘எனக்குப் பாட்டு கேட்டது’, ‘நான் பாட்டைக் கேட்டேன்’, ‘அவரிடம் கேட்டேன்’ என்ற மூன்றையும் நாம் ஒருநாளும் மாற்றிச் சொல்வதில்லை. ‘எனக்கு’ என்று தொடங்கினால் ஒலி தானாகக் காதில் விழுந்தது, அது ஹியர். ‘நான்’ என்றால் நாமாகக் காது கொடுத்தோம், அது லிஸன். ‘இடம்’ சேர்ந்தால் ஆஸ்க். ஆங்கிலம் தனிச் சொல் வைத்துப் பிரிப்பதைத் தமிழ் வேற்றுமை உருபை வைத்துப் பிரிக்கிறது. சொல்லுக்குச் சொல் பொருள் எழுதும் உங்கள் நோட்டில் உருபுக்கு இடமே இல்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் எழுதிப் பாருங்கள்.

‘பாரோ - லெண்ட்’ ஜோடியைப் பார்த்தபோது எனக்கு வருத்தமே வந்தது. கடன் வாங்குவதற்கும் கடன் கொடுப்பதற்கும் வேறுபாடு தெரியாத தமிழர் உண்டா? இரண்டையும் ஒரே நாளில், ஒரே வரியில், எதிரெதிரே எழுதிப் படித்ததுதான் வினை. ஒன்றை நினைத்தால் மற்றதும் சேர்ந்தே வருகிறது. எது எது என்பதுதான் மறந்துபோகிறது. சொல் கற்பித்தலை ஆராய்ந்த நியூசிலாந்து அறிஞர் பால் நேஷன், ஒன்றோடொன்று நெருங்கிய சொற்களைச் சேர்த்துக் கற்பிக்காதீர்கள் என்று எச்சரிக்கிறார். முதலில் ‘பாரோ’ மட்டும் பழகட்டும். அது நாக்கில் நன்றாகப் படிந்த பிறகு ‘லெண்ட்’ வரட்டும். உங்கள் நினைவாற்றலில் ஒரு குறையும் இல்லை.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று சொல்ல மாட்டேன். ‘தி’ எங்கே வரும், எங்கே வராது என்பதற்கு நம்மிடம் இணை கிடையாது. அங்கே நிறையப் படித்துக் காதைப் பழக்கத்தான் வேண்டும். உங்கள் மனப்பாட நேரத்தை அதற்குக் கொடுங்கள்.

‘கலர்’ விஷயம் பிழை, சரி என்ற கணக்கில் வராது. பிரிட்டிஷ் வழக்கில் ‘யு’ உண்டு, அமெரிக்காவில் இல்லை. நோவா வெப்ஸ்டர் 1828-இல் வெளியிட்ட அகராதி அந்தச் சுருக்கத்தை அங்கே நிலைநிறுத்தியது. எழுத்துக்கூட்டல் மாறினால் பொருள் கெடாது; ஒரே சொல்லின் பொருள் மாறுபட்டால்தான் சிக்கல். கூட்டத்தில் ஒன்றை ‘டேபிள்’ செய்வது பிரிட்டிஷாருக்கு விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்கருக்கு ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இந்த ஒரு சொல்லால் இரு நாட்டு ராணுவ அதிகாரிகளும் நெடுநேரம் கடுமையாக வாதாடினார்கள் என்றும், இரு தரப்பும் விரும்பியது ஒன்றையே என்பது பிறகுதான் புரிந்தது என்றும் சர்ச்சில் எழுதியிருக்கிறார். அது அவர்களுடைய தாய்மொழி!

யாருக்கு எழுதுகிறீர்களோ அவர்களுடைய வழக்கில் எழுதுங்கள். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.