நன்றியே தோன்றவில்லை என்று எழுதியவருக்கு

நீங்கள் கெட்டவராகிவிடவில்லை. பதினோரு தொந்தரவுகளை வரிசை போட்டு எழுதிவிட்டு, கடிதத்தின் கடைசியில், "எல்லாம் நல்லபடியாக இருந்தும் நன்றியே தோன்றவில்லை. எதற்கெடுத்தாலும் எரிச்சல். நான் நன்றி கெட்டவனாகிவிட்டேனா டாக்டர்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களை உள்ளுக்குள் அரிப்பது இந்தக் கேள்விதான். அதனால் இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன். மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

படபடப்பு, விரல் நுனியில் குறுகுறுப்பு, உதட்டைச் சுற்றி மரத்துப்போவது: பதற்றம் வந்தால் நம்மை அறியாமலே வேகவேகமாக மூச்சு விடுகிறோம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அதனால் வருவது இது. மூச்சை இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்து, மெதுவாக விட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் அடங்கும். இமை துடிப்பது தூக்கம் கெட்டதால். ஏப்பம், வயிற்று உப்புசம், பிடரி வலியும் அதோடு சேர்ந்தவைதான். பார்க்கின்சன், மூளைக் கட்டி என்று ராத்திரி ஒரு மணிக்கு யூடியூபில் பார்த்ததையெல்லாம் இன்றோடு விட்டுவிடுங்கள். அந்த வீடியோக்காரர் உங்கள் நாடியைத் தொட்டுப் பார்த்தவர் இல்லை.

நெஞ்சைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. வயது 57, பல வருடச் சர்க்கரை. இந்த வாரமே ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். படி ஏறும்போது நெஞ்சு இறுக்கி, நின்றால் விடுகிறது என்றால் இதய மருத்துவரைப் பாருங்கள். இறுக்கம் விடாமல் வியர்த்துக் கொட்டினால் 108-ஐ அழையுங்கள், கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். தம்பியோடு வாட்ஸ்அப்பில் கத்திக்கொண்ட அன்று நெஞ்சு அடைத்தது என்கிறீர்கள். கோபம் இதயத்தைத் தொடும் என்பது நிஜம். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களை விசாரித்து அமெரிக்காவில் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், கடுமையாகக் கோபப்பட்ட அடுத்த 2 மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு 2 மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. அதனால் தேர்தல் முடிந்தும் முடியாத அந்தச் சண்டையை இனி எழுத்தில் தொடர வேண்டாம். குரூப்பை மியூட்டில் போடுங்கள், வெளியேற வேண்டாம். வெளியேறினால் அதுவே அடுத்த சண்டைக்குக் காரணமாகும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

ஜவ்வரிசிக் கஞ்சி குடித்தால் வயிறு உப்புகிறது என்பதற்கும் பிடரி வலிக்கும் நடுவில், போகிற போக்கில் மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள். "பேரன் சிரித்தாலும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. விடிகாலை மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை. நான் இல்லாவிட்டால் வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள் போல." ஐயா, இந்தக் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தவை இந்த மூன்று வரிகள்தான். நீங்களோ இவற்றை ஒரு தொந்தரவாகக்கூட எண்ணி வரிசையில் சேர்க்கவில்லை, குணக்கேடு என்று நினைத்துவிட்டீர்கள்.

எனக்கு இது மனச்சோர்வு நோய் மாதிரித் தெரிகிறது. கடிதத்தை வைத்து உறுதி சொல்ல முடியாது, நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் முன்பு பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போவது, வழக்கத்தைவிட ரொம்ப முன்னால் விழித்துக்கொள்வது, நம்மால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்ற எண்ணம் இவை சேர்ந்து 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் நாங்கள் சும்மா விடுவதில்லை. உங்களுக்கு மாதக்கணக்கில் இருக்கிறது. ஆண்களுக்கு இந்த நோய் அழுகையாக வெளியே வருவது குறைவு, பல சமயம் எரிச்சலாக வரும். பட்டறைப் பையன்களிடம் சள்ளென்று விழுகிறீர்கள், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறீர்கள். வீட்டில் "இவருக்குத் திமிர் கூடிப்போச்சு" என்கிறார்கள். உள்ளே நீங்கள் சோர்ந்துபோயிருப்பது யாருக்கும் தெரிவதில்லை.

காய்ச்சலில் நாக்கு செத்துப்போனவருக்குச் சேலத்து மாம்பழமும் கசக்கும். பழத்திலும் குறையில்லை, அவர் குணத்திலும் குறையில்லை. உங்களுக்கு நன்றி தோன்றாததும் அப்படித்தான். காய்ச்சலுக்கு வைத்தியம் பார்க்காமல் "ருசி தெரியாதவனாகிவிட்டேனே" என்று உங்களை நீங்களே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த மூன்றாவது வரியை இன்று ராத்திரியே உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். எழுதியபடியே சொல்லுங்கள், மாற்ற வேண்டாம். அவர் பயப்படுவார், பரவாயில்லை. கேட்டால் விபரீதமாகிவிடுமோ என்று வீட்டுக்காரர்கள் கேட்கத் தயங்குவார்கள். இந்த எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்பதால் யாருக்கும் அது புதிதாக வந்துவிடாது. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் பாரம்தான் இறங்கும். வீட்டில் இருக்கும் மாத்திரைகள் மனைவியின் கையில் இருக்கட்டும். பட்டறையில் ரசாயனம் வைக்கும் அலமாரிச் சாவி மகனிடம் இருக்கட்டும். இது உங்கள்மேல் சந்தேகப்பட்டுச் சொல்வதல்ல, இந்த நோய் உள்ள எல்லார் வீட்டுக்கும் சொல்வது. எண்ணம் பலமாக வந்தாலோ, எப்படி என்று யோசிக்கத் தொடங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தனியாக இருக்காமல் அப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்: எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

அப்புறம் அந்த மாத்திரை. தூக்கம் வரவில்லை என்று நண்பர் சொல்லி, மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் அல்பிரசோலம் வாங்கி ஒன்றரை மாதமாகப் போட்டுவருகிறீர்கள். எனக்கு இதில் கோபம் வருகிறது, மறைக்கப் போவதில்லை. அது ஹெச்1 அட்டவணை மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. ஆரம்பத்தில் தூக்கம் தரும், சில வாரத்தில் உடம்பு பழகிவிடும், போடாத அன்று முன்பைவிடப் பதற்றம் கூடும். அது மனச்சோர்வைக் குணப்படுத்தவும் செய்யாது. அதற்காக இதைப் படித்துவிட்டு இன்றே தூக்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். எவ்வளவு போடுகிறீர்கள் என்று பார்த்து, நாங்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

ஒரு பேச்சாளர் சொன்னார் என்று, நன்றி சொல்லத் தகுந்த பத்து விஷயங்களைத் தினமும் எழுதிவரும் நன்றி நோட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தப் பழக்கம் நல்லதுதான். அமெரிக்காவில் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இருவர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதில் பிரபலம். வாரம் ஒரு முறை, அதிகபட்சம் 5 விஷயம், பத்து வாரம் எழுதிய மாணவர்கள் மற்றவர்களைவிட நம்பிக்கையோடு இருந்தார்கள், உடம்புத் தொந்தரவுகளும் குறைவாகச் சொன்னார்கள். கவனியுங்கள், வாரம் ஒரு முறை. அந்தப் பேச்சாளர் சொன்னபடி தினமும் பத்து இல்லை. அந்த மாணவர்கள் நோயாளிகளும் இல்லை. மனச்சோர்வு உள்ளவருக்கு நோட்டினால் மட்டும் கிடைக்கும் பலன் கொஞ்சம்தான். பத்தாவது விஷயம் கிடைக்காமல் ராத்திரி பேனாவைப் பிடித்துக்கொண்டு, "இதுகூட எழுத முடியவில்லை, நான் என்ன மனுஷன்" என்று நொந்துகொள்கிறீர்கள். உங்களையே அடித்துக்கொள்ளும் கோலாக அது மாறிவிட்டது. இப்போதைக்கு மூடி வையுங்கள்.

"உலகமே இரண்டாகப் பிளந்து கிடக்கும்போது ஒருத்தன் அன்பாக இருந்து என்ன ஆகப்போகிறது?" என்ற கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. டிவியையும் போனையும் மட்டும் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் என் அறைக்கு வெளியே வேறு ஒன்றைப் பார்க்கிறேன். மேட்டூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த ஒரு அம்மா, முழங்காலில் கட்டோடு, வரிசையில் முன்னால் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு பெரியவர் மூச்சு வாங்கி, இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக் குனிந்திருந்தார். அந்த அம்மா எழுந்து வந்து தன் டோக்கனை அவர் கையில் திணித்துவிட்டு, நர்ஸிடம் "அவரை உள்ளே விடும்மா" என்று சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே கடைசிக்குப் போய்விட்டார். பெரியவருக்கு ஆக்சிஜன் வைத்து, மூச்சு சீரானதும் அவர் மகன் டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு அந்த அம்மாவைத் தேடிப் போனார். யார் எந்த ஊர், என்ன சாதி, எந்தக் கட்சி என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. இது தினம் நடக்கிறது, யாரும் வீடியோ எடுப்பதில்லை, அவ்வளவுதான். ஒருத்தர் அன்பாக இருந்ததால் அன்றைக்கு அந்தப் பெரியவருக்கு மூச்சு வந்தது. அதைவிடப் பெரிய கணக்கு எனக்குத் தேவைப்படவில்லை.

நீங்களும் அப்படிப்பட்டவர்தான். ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு வருடாவருடம் பட்டறை வாசலில் மோர் கொடுப்போம், இந்த வருடம் மனசில்லாமல் விட்டுவிட்டேன் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். வாங்கிக் குடித்தவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று ஒரு வருடமாவது கேட்டிருப்பீர்களா? அந்த மனுஷர் எங்கேயும் போய்விடவில்லை. சிகிச்சை தொடங்கியதும், மனசு வரட்டும் என்று காத்திருக்காமல் சின்னதாக ஏதாவது செய்யுங்கள். பட்டறைப் பையனின் அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், போதும். இந்த நோயில் செயல் முன்னால் போகும், மனசு பின்னால் வரும். வராத நாளில் உங்களைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தம்பிக்கு மெசேஜ் எழுதாதீர்கள். ஒரு நாள் சாயங்காலம் போன் செய்து, அவர் குழந்தைகளைப் பற்றி மட்டும் இரண்டு நிமிடம் பேசி வைத்துவிடுங்கள். அரசியலில் யார் சொன்னது சரி என்று முடிவாக வேண்டிய அவசியம் இல்லை. எழுத்தில் முறுக்கிக்கொண்டு நின்றவர்கள் குரலைக் கேட்டதும் தணிவதை நிறையக் குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். அவர் எடுக்காவிட்டால் அடுத்த மாதம் பாருங்கள்.

ஏற்காட்டில் ஒரு வாரம் தங்கினால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1,500 மீட்டர் உயரம், நல்ல காற்று, தாராளமாகப் போய் வாருங்கள், ஆனால் மருத்துவரைப் பார்த்த பிறகு, மனைவியோடு. தனியாக வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் லேடீஸ் சீட்டில் உட்கார்ந்து அதே குரூப்பைத் திறந்தால் சண்டையும் கூடவே மலை ஏறிவிடும். போனை மனைவியின் பையில் போட்டுவிடுங்கள்.

சிகிச்சையை நினைத்துப் பயப்பட வேண்டாம். முதலில் தைராய்டு, ரத்த அளவு, பி12, சர்க்கரை பார்ப்போம். இவற்றில் ஏதாவது சரியில்லை என்றாலும் இதே மாதிரிச் சோர்வு வரலாம். மனநல மருத்துவர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினால், அது அல்பிரசோலம் மாதிரி அடிமைப்படுத்துவது இல்லை. பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும், முதல் வாரமே "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். குணமான பிறகும் சில மாதம் தொடர வேண்டியிருக்கும். பேச்சு வழிச் சிகிச்சையும் உண்டு. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. "மெண்டல் டாக்டரைப் பார்க்கப் போனானாம்" என்று செவ்வாய்ப்பேட்டையில் நாலு பேர் பேசினால் பேசட்டும், சர்க்கரைக்கு டாக்டரைப் பார்க்க நீங்கள் யாரிடமும் கேட்டதில்லையே.

இந்த வாரத்துக்குள் போய்விடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். மனைவியையும் கூட்டிப் போங்கள், நீங்கள் மறைப்பதை அவர் சொல்வார். சர்க்கரை மாத்திரைச் சீட்டு, கடைசியாக எடுத்த டெஸ்ட் ரிசல்ட், மிச்சமிருக்கும் அல்பிரசோலம் அட்டை மூன்றையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.