வாசகர் கேள்வி பதில்: வாவியிலும் குளத்திலும் ஈத்தூண்டில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. ஃபிளை ஃபிஷிங் எனப்படும் ஈத்தூண்டில் முறையை மட்டக்களப்பு வாவியிலும் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் குளங்களிலும் அம்பாறை மாவட்டத்து நீர்நிலைகளிலும் எவ்வாறு தொடங்குவது என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், அவற்றுள் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

*காத்தான்குடியிலிருந்து ஒரு வாசகர்: காணொளிகளில் பார்த்தால், குளிர்ந்த மலையாறுகளில் டிரவுட் மீனைத்தான் இப்படிப் பிடிக்கிறார்கள். அந்த மீனே இல்லாத நம் பக்கத்தில் இது வீண் ஆசை அல்லவா? சாதாரணத் தூண்டிலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?*

டிரவுட் மீனை ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பகுதிகளின் ஓடைகளில் கொண்டுவந்து விட்டார்கள். குளிர்ந்த நீர் இல்லாமல் அது உயிர்வாழாது. ஆகவே நம் வாவியில் அதை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் இந்த முறை அந்த ஒரு மீனுக்கு மட்டும் உரியதன்று. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் அல்லது இரையின் பாரம் மெல்லிய தங்கூசியை, அதாவது நைலோன் நூலை, இழுத்துக்கொண்டு போகிறது. ஈத்தூண்டிலிலோ, இறகாலும் மயிராலும் கட்டப்பட்ட செயற்கை ஈக்குப் பாரமே இல்லை என்று சொல்லலாம்; தடித்த பூச்சுடைய லைன்தான் பாரத்தைச் சுமக்கிறது, கோல் அந்த லைனை வீசுகிறது, ஈ அதன் பின்னால் செல்கிறது. எனவே பூச்சியையோ இறாலையோ சிறு மீனையோ தின்னும் எந்த மீனையும் இவ்வாறு பிடிக்கலாம்.

வாவியிலும் முகத்துவாரத்திலும் கொடுவாவும் பாரையும் இருக்கின்றன. குளங்களில் விராலும் கெண்டையும் திலாப்பியாவும் இருக்கின்றன. ஆபிரிக்காவைச் சேர்ந்த திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று நம் குளத்து மீன்பிடியின் முதுகெலும்பாகிவிட்டது. அது பெரும்பாலும் பாசியையும் மக்கிய தாவரப் பொருளையும் உண்பதால் எப்போதும் ஈயைக் கவ்வாது. ஆனால் ஆழங்குறைந்த மணலில் கூடுபறித்துக் காவல் நிற்கும் ஆண் மீன் தன் எல்லைக்குள் வரும் எதையும் தாக்கும். புதிதாகத் தொடங்குபவர் முதலில் கொடுவாவைத் தேடி அலைவதை நான் ஆதரிப்பதில்லை. குளக்கரையில் கெண்டையோடு தொடங்கினால் கைக்கும் கண்ணுக்கும் விரைவில் பழக்கம் வரும். வீட்டுக் கறிக்கு மீன் வேண்டுமென்பதே நோக்கமானால் வீச்சுவலையே மேல் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

*கல்முனை வாசகர்: முதலில் எவற்றை வாங்கவேண்டும்? கடைகளில் கோல்களுக்கு 4, 6, 8 என்று எண்கள் போடுகிறார்களே, அவை எதைக் குறிக்கின்றன?*

அந்த எண் லைனின் பாரத்தைக் குறிக்கிறது. லைனின் முதல் 30 அடியின் எடையைக் கொண்டு தரம் பிரிக்கிறார்கள். 6ஆம் எண் லைனில் அந்தப் பகுதி 160 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 10.4 கிராம், 8ஆம் எண்ணில் 210 கிரெய்ன், ஏறத்தாழ 13.6 கிராம். கோலும் லைனும் ஒரே எண்ணாக இருக்கவேண்டும் என்பதே முதல் விதி. குளத்துக் கெண்டைக்கும் திலாப்பியாவுக்கும் 6ஆம் எண் நிறைவாகப் போதும். ஒரே ஒரு கோல்தான் வாங்க முடியுமென்றால் 9 அடி நீளமுள்ள 8ஆம் எண் கோலை வாங்குங்கள். சிறு மீனுக்கு அது சற்று முரட்டுக் கோல்தான். எனினும் நம் பக்கத்துக் காற்றையும், நீரில் மிதக்கும் சல்வீனியாக் களைப் படையையும், அதனடியில் கிடக்கும் விராலையும் எண்ணிப் பார்த்தால் அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

லைன் மிதக்கும் வகையாகவும் முன்பகுதி பருத்ததாகவும் இருக்கட்டும். குளிர் நாடுகளுக்கென்று செய்த லைன் நம் வெயிலில் இளகி, கோல் வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். எனவே வெப்பநாட்டு நீருக்கு உரியதென்று உறையில் குறிப்பிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். லைனின் நுனியிலிருந்து ஈ வரை 9 அடிக்கு மெல்லிய நூல் வேண்டும். இதற்கென்று செய்த லீடர் கிடைக்காவிட்டால், 40 இறாத்தல் பாரம் தாங்கும் தங்கூசியில் 4 அடி, 30 இறாத்தலில் 3 அடி, 20 இறாத்தலில் 2 அடி என்று முடிந்துகொள்ளலாம். பருமன் படிப்படியாகக் குறைந்தால்தான் வீச்சின் விசை ஈ வரை சென்று சேரும். கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல் வெட்டும் என்பதால், அதற்குப் போகும்போது கடைசித் துண்டாக ஓர் அடி 30 இறாத்தல் நூலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல்நாட்டார் அணியும் நெஞ்சளவு ரப்பர் காற்சட்டை இங்கே தேவையில்லை. தொப்பியும், நீரின் பளபளப்பை மறைக்கும் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். பறந்துவரும் தூண்டில் முள்ளிலிருந்து கண்ணைக் காப்பதும் அவைதான்.

*செங்கலடியிலிருந்து: கோல் வாங்கிவிட்டேன். எவ்வளவு பலமாக வீசினாலும் லைன் எனக்கு முன்னால் குவியலாக விழுகிறது. சில வேளை சாட்டைபோல் "படார்" என்று ஓசை எழுந்து ஈயும் அறுந்துபோகிறது. எங்கே பிழை?*

உங்கள் கடிதத்திலுள்ள "பலமாக" என்ற சொல்லிலேயே பாதி விடை இருக்கிறது. சாதாரணத் தூண்டில் வீசிப் பழகிய கை, கோலை ஒரே மூச்சில் பின்னிருந்து முன்னுக்கு வளைத்து எறிந்துவிடுகிறது. ஈத்தூண்டிலில் விசை பிறப்பது கோலை நிறுத்தும் கணத்தில்தான். மெதுவாகத் தொடங்கி, வேகத்தைச் சீராகக் கூட்டி, சட்டென்று நிறுத்தவேண்டும். நிறுத்தியதும் வளைந்திருந்த கோல் நிமிர்ந்து லைனை உதைத்து அனுப்பும்.

கடிகார முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தலைக்கு நேர்மேலே 12 மணி. முன்னால் 10 மணியிலும் பின்னால் 1 மணியைச் சற்றுக் கடந்த இடத்திலும் கோல் நிற்கவேண்டும். பெரும்பாலோர் மணிக்கட்டை மடக்கிப் பின்னால் 3 மணி வரை சாய்த்துவிடுகிறார்கள். அப்போது லைன் நிலத்தை நோக்கிப் போகிறது, அடுத்த முன்வீச்சுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை, எல்லாம் குவியலாக விழுகிறது. கட்டைவிரலைக் கோலின் மேற்புறத்தில் வைத்து, முன்னங்கையையும் கோலையும் ஒன்றாக அசைத்தால் இது தானாகக் குறையும்.

நீங்கள் குறிப்பிட்ட ஓசைக்குக் காரணம் அவசரம். பின்னால் சென்ற லைன் முழுதாக விரிந்து நீளும்வரை காத்திருக்காமல் முன்னுக்கு இழுத்தால் அதன் நுனி சாட்டையாகச் சொடுக்கும், ஈ அறுந்துவிடும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கு நிலையான கணக்கில்லை. வெளியே விட்ட லைன் நீள நீளக் காத்திருக்கும் நேரமும் நீளும். தொடக்கத்தில் தலையைத் திருப்பிப் பின்வீச்சைக் கண்ணால் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கைதேர்ந்தவர்களும் பார்க்கிறார்கள்.

இன்னுமொரு பிழையும் உண்டு. முன்வீச்சின் தொடக்கத்திலேயே முழுப் பலத்தையும் கொடுத்தால் கோல் நுனியின் பாதை நடுவில் குழிந்து, லைன் தன்மேலேயே சிக்கி, மெல்லிய நூலில் தானாக முடிச்சு விழும். அப்படி விழும் முடிச்சு நூலின் பலத்தைப் பெருமளவு குறைத்துவிடும். அந்த இடத்தை வெட்டி மீண்டும் கட்டுவதே நல்லது.

இவற்றையெல்லாம் தண்ணீரில் பழகவேண்டாம். பாடசாலை மைதானம் போன்ற புல்வெளியில், முள்ளுக்குப் பதிலாகச் சிறு கம்பளி நூல் துண்டொன்றைக் கட்டி, 30 அடிக்கு மேற்படாமல் நாள்தோறும் சற்று நேரம் வீசிப் பாருங்கள். கடற்கரை மணல் லைனின் பூச்சை அராவிவிடும். பின்னால் கண்டல் மரங்களோ பற்றையோ இருக்குமிடத்தில் பயன்படும் உருள்வீச்சை மட்டும் புல்லில் பழக முடியாது. லைன் நீர்ப்பரப்பைப் பற்றிக்கொண்டிருந்தால்தான் அது உருளும். அதை அமைதியான குளக்கரையில் பழகவேண்டும்.

*கல்லடி வாசகர்: வாவியில் எந்தக் காலம், எந்த இடம் ஏற்றது? கச்சான் காற்றில் வீச முடியுமா?*

வடகீழ்ப் பருவமழையில் வாவி பெருகி, முகத்துவாரத்து மணல்மேடு உடையும்போது அல்லது வெட்டிவிடப்படும்போது நீர் கலங்கி ஓடும். அப்போது ஈ மீனின் கண்ணுக்குப் படாது. வெள்ளம் தெளிந்த பிறகு, முகத்துவாரம் மீண்டும் மூடுவதற்கு முன்னுள்ள காலமே சிறந்தது. நம் கரையில் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை, நீரோட்டத்தைப் பாருங்கள். உள்ளே வருவதும் வெளியே போவதுமாக ஓட்டம் திரும்பும் வேளையில், மணலை மீன் குஞ்சும் இறாலும் அடித்துவரப்படும் விளிம்புகளில் கொடுவாவும் பாரையும் காத்திருக்கும். பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரத்துக்குச் சொன்னது தெற்கே கல்லாற்று முகத்துவாரத்துக்கும் பொருந்தும். கல்லடிப் பாலத்தின் மேல் நின்று வீசும் எண்ணத்தை மட்டும் கைவிடுங்கள். பின்வீச்சில் செல்லும் முள் வழிப்போக்கர் முகத்தில் பாயும்.

கச்சான் மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து வந்து, பகல் ஏற ஏற வலுக்கும். எனவே விடியற்காலையே உங்களுக்குரிய நேரம். வலக்கையால் வீசுபவருக்குக் காற்று இடப்புறமிருந்து வரவேண்டும். வலப்புறமிருந்து வந்தால் ஈ உங்கள் காதிலேயே ஏறும். வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் நின்று மேற்கு நோக்கி வீசினால் காற்று நேரே முகத்தில் அடிக்கும். படுவான்கரையில் நின்று கிழக்கு நோக்கினால் அது முதுகுக்குப் பின்னால் இருக்கும், வடக்கு நோக்கினால் இடத்தோளில் வந்து படும்.

கொடுவா கவ்வியதும் கோலை மேலே தூக்கினால் அதன் கடினமான வாயில் முள் தைக்காது. கோலை நீரை நோக்கி நேராக வைத்தபடி, இடக்கையால் லைனை வெடுக்கென்று இழுங்கள்.

*அம்பாறையிலிருந்து: சேனாநாயக்க சமுத்திரத்தில் இதைச் செய்ய அனுமதி வேண்டுமா?*

நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்திருப்பது 1954இல் அறிவிக்கப்பட்ட கல்லோயா தேசியப் பூங்கா. ஆகவே வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேளாமல் அங்கே கோலைக் கொண்டுபோகக் கூடாது. உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் போன்ற குளங்களுக்குச் செல்பவர்கள் முதலில் அந்தந்தக் குளத்து நன்னீர் மீனவர் சங்கத்தாரைச் சந்தித்துப் பேசுங்கள். குளத்தில் விடப்படும் குஞ்சுகளின் பயனை நம்பி வாழ்பவர்கள் அவர்கள். எங்கே மரக்கட்டை கிடக்கிறது, எங்கே வலை விரிந்திருக்கிறது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். மாலையில் இந்தக் குளங்களுக்கு யானைகள் இறங்கும். வெயில் தாழுமுன் திரும்பிவிடுங்கள்.

*ஆரையம்பதித் தாயொருவர்: 13 வயது மகன் பிடிவாதமாகக் கேட்கிறான். முதலைப் பயத்தால் தயங்குகிறேன்.*

உங்கள் தயக்கம் நியாயமானது, அம்மா. வாவியிலும் குளங்களிலும் முதலைகள் உள்ளன. தனியே அனுப்பவேண்டாம், நீருக்குள் இறங்கவும் விடவேண்டாம். கரையின் விளிம்பிலிருந்து சில அடி பின்னால் நின்றே வீசலாம், மீனைக் கழுவுவதையும் அந்த இடத்தில் செய்யக்கூடாது. இடி முழங்கத் தொடங்கினால் உடனே கோலைக் கீழே வைத்துவிட்டு விலகவேண்டும். கிராஃபைட் கோல் மின்சாரத்தைக் கடத்தும். அதே காரணத்தால் மின்கம்பிகளுக்கு அடியிலும் வீசக்கூடாது.

*வாழைச்சேனை வாசகர்: ஈக்களை வீட்டிலேயே கட்ட முடியுமா? பிடித்த மீனைத் திரும்ப விடுவது தேவைதானா?*

தாராளமாகக் கட்டலாம். சேவலின் கழுத்திறகு, வெள்ளாட்டு மயிர், தையல் நூல், முடிச்சின் மேல் தடவ நகப்பூச்சு ஆகியவையே போதும். கெண்டைக்கு 12ஆம் இலக்க முள்ளில் கறுப்பு நூலைச் சுற்றி, தலைப்பக்கம் ஓர் இறகைச் சுழற்றிக் கட்டினால் நீர்ப்பூச்சியின் உரு வந்துவிடும். கொடுவாவுக்கு 1/0 முள்ளில் வெள்ளை மயிரும் அதன்மேல் பச்சை மயிரும் கட்டி, கழுத்தில் மணிச்சங்கிலியின் இரு மணிகளைக் கண்களாக வைத்துக் கட்டுங்கள். அந்தப் பாரத்தால் முள் மேல்நோக்கித் திரும்பி, பாசியில் சிக்குவது குறையும். விராலுக்குத் தேய்ந்த ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய துண்டு சிறந்த மிதவை. அதை இலைகளுக்கிடையே மெல்ல இழுத்து நிறுத்தி இழுத்தால் தவளையென்று பாயும். பாய்ந்த உடனே இழுத்துவிடாதீர்கள். கையில் பாரம் தெரிந்த பிறகு இழுங்கள்.

திரும்ப விடுவதைப் பற்றி: உண்பதற்குப் பிடிப்பதில் தவறில்லை. ஆனால் இரண்டு மீன்களை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தின் அடியில் காவல் நிற்கும் விரால். அதைப் பிடிப்பது மிக எளிது, பிடித்தால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். மற்றையது, மிகப் பெரிய கொடுவா. கொடுவா ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளின் பின் பெண்ணாக மாறும் இனம். ஆகையால் பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் பெண் மீன்களே. முள்ளின் எதிர்க்கூரைக் குறட்டால் முன்கூட்டியே நசுக்கி வைத்துக்கொள்ளுங்கள். கையை நனைத்துக்கொண்டு, மீனை நீரிலிருந்து முழுதாகத் தூக்காமல் முள்ளைக் கழற்றி, அது தானாகத் துடுப்பை அடித்துக் கையை விட்டு நழுவும்வரை ஓட்டத்தை நோக்கிப் பிடித்திருங்கள்.