முழுகாமல் இருக்கிறேன், எந்த டொக்டரைச் சனல் பண்ணுவது?

(30 வருசம் படுவான்கரைக் கிராமங்களில் மிட்வைஃபாக இருந்து ஓய்வுபெற்ற அக்கா, வாசகியர் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: மிஸ், எனக்கு 25 வயது. மண்டூர்ப் பக்கம். மாதவிடாய் தள்ளி 3 கிழமை. மட்டக்களப்பு டவுனில் கைராசியான வி.ஓ.ஜி. ஒருவர் இருக்கிறார், உடனே சனல் பண்ணு, காசு கட்டித் தனியாகக் காட்டு என்கிறார் மாமி. என் கணவர் மேசன் வேலை. மாதாமாதம் போய்வரக் காசுக்கு எங்கே போவது? வி.ஓ.ஜி. என்றால் யார்? கட்டாயம் அவரிடம்தான் போக வேண்டுமா?

பதில்: சந்தோசம், மகள். டவுனுக்குப் பஸ் ஏற முதல் உங்கள் பகுதி மிட்வைஃபுக்கு ஒரு கோல் எடுங்கள். வீட்டுக்கே வந்து பதிவார், கர்ப்பவதி அட்டை தருவார். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் நிறை, பிறெசர், இரத்த வகை, சீனி எல்லாம் பார்ப்பார்கள். போலிக் அசிட் குளிசை இன்னும் தொடங்கவில்லை என்றால் இன்றைக்கே கேளுங்கள். ஒரு சதமும் செலவில்லை.

வி.ஓ.ஜி. என்று நாங்கள் சுருக்கிச் சொல்கிறவரை, பெயர்ப்பலகையில் 'மகப்பேற்று மற்றும் பெண்ணோயியல் விசேட வைத்திய நிபுணர்' என்று எழுதியிருக்கும். எம்.பி.பி.எஸ். 5 வருசம், உள்ளகப் பயிற்சி 1 வருசம், அதற்கு மேல் இந்தத் துறையிலேயே எம்.டி. என்று படித்து வந்தவர். பலகையில் வெறும் எம்.பி.பி.எஸ். மட்டும் இருந்தால் அவரும் டொக்டர்தான், ஆனால் வி.ஓ.ஜி. இல்லை. இதைக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அவருடைய வேலை இரண்டு பாதி. ஒன்று வயிற்றுப் பிள்ளை: பிறெசர், சலரோகம், இரட்டைப் பிள்ளை, முன்பு சிசேரியன் செய்தவர் என்று சிக்கல் வரக்கூடிய தாய்மாரைப் பார்ப்பது, தேவையானால் ஆயுதம் போட்டு எடுப்பது, சிசேரியன் செய்வது. மற்றப் பாதி பிள்ளைப்பேறோடு சம்பந்தமே இல்லாதது: கருப்பைக் கட்டி, சூலகக் கட்டி, கருப்பை இறங்குவது, பிள்ளை தங்காதது, நிற்காத இரத்தப்போக்கு. கலியாணம் ஆகாத பிள்ளையை அந்த அறை வாசலில் கண்டதும் ஊர் கதை கட்டுகிறதே, அது இந்த இரண்டாம் பாதி தெரியாத ஊர்.

மாமி சொல்லும் கைராசிக்கு வருகிறேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம் என்றால், பிள்ளையை ஏந்துகிற கை பெரும்பாலும் லேபர் றூமில் நிற்கும் மிட்வைஃபின் கை. மாமியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்.

கிளினிக்கில் ஏதாவது சந்தேகம் வந்தால் துண்டு எழுதி, வி.ஓ.ஜி. இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அவர்களே அனுப்புவார்கள். அதுவும் இலவசம். இல்லை, மாமியின் மனத்துக்காக ஒருதரம் சனல் பண்ணத்தான் போகிறீர்கள் என்றால், போங்கள். ஆனால் ஒன்று கேளுங்கள்: "டொக்டர், நீங்கள் எந்த ஆஸ்பத்திரியில் வேலை?" இரவு 2 மணிக்கு வயிற்றுக்குத்து வந்தால் நீங்கள் போகப்போவது சனல் சென்ரருக்கு இல்லை, ஆஸ்பத்திரி வாட்டுக்கு. அப்புறம், பார்த்ததை உங்கள் அட்டையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒருமுறை ஒரு தாய் பட்டிருப்புப் பாலத்தால் ஓட்டோவில் நடுச்சாமத்தில் வந்தாள். எட்டு மாதமும் வெளியில்தான் காட்டியிருக்கிறாள். கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் ஸ்கேன் துண்டு, மருந்துச் சிட்டை, கடைப் பில், எல்லாம் மழையில் நனைந்து ஒட்டிப் பிடித்திருந்தது. அட்டையை விரித்தால் பெயரும் விலாசமும்தான். இரத்த வகை என்ன என்று வாட்டு டொக்டர் கேட்கிறார், புருசன் என்னைப் பார்க்கிறார், நான் அந்தப் பையைப் பார்க்கிறேன். தாயும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள். அந்தப் பை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

போகும்போது கடைசி மாதவிடாயின் முதல் நாள் எதுவென்று எழுதிக்கொண்டு போங்கள். கோயில் கலண்டரில் வட்டம் போட்டிருந்தால் இன்னும் நல்லது. அதில் 7 நாள் கூட்டி, 3 மாதம் பின்னால் எண்ணுங்கள். மார்ச் 10 என்றால் டிசம்பர் 17. பெறுநாள் ஏறக்குறைய அதுதான். இரத்தம் பட்டாலோ, கண் மங்கித் தலையிடி வந்தாலோ கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதற்கும் காசில்லை.

கேள்வி: திருக்கோவிலில் இருந்து எழுதுகிறேன். 54 வயது. மாதவிடாய் நின்று 2 வருசம். போன மாதம் இரண்டு நாள் இலேசாகப் பட்டது. ஆண் டொக்டரிடம் காட்டக் கூச்சமாக இருக்கிறது. தானாக நிற்குமா?

பதில்: நின்றாலும் போக வேண்டும், தங்கச்சி. ஒரு வருசம் முழுதாக நின்றபிறகு ஒரு பொட்டு இரத்தம் பட்டாலும் வி.ஓ.ஜி. பார்க்கத்தான் வேண்டும். பெரும்பாலும் சாதாரண காரணமாக இருக்கும். ஆனால் கருப்பைப் புற்றுநோயும் இப்படித்தான் தலை காட்டும். நேரத்தோடு பிடித்தால் மாற்றக்கூடியது. ஸ்கேனில் கருப்பையின் உள்தோல் எவ்வளவு தடிப்பு என்று பார்ப்பார்கள், சந்தேகமென்றால் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பார்கள்.

கூச்சம் எனக்கும் தெரியும். கருப்பை கழற்ற நானே ஆண் டொக்டரிடம்தான் போனேன், அதுவும் என்னோடு வேலை செய்தவர்! சோதிக்கும்போது பெண் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த மகளுக்கு 35 வயதாகும்போது எம்.ஓ.எச். அலுவலகத்தில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு அனுப்புங்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் இருக்கிறதா என்று 35இலும் 45இலும் அங்கே சும்மா பார்ப்பார்கள்.

கேள்வி: முதல் ஸ்கேனில் ஒரு பெறுநாள், ஏழாம் மாத ஸ்கேனில் இன்னொரு பெறுநாள். மனைவி பயப்படுகிறா. எது சரி, மிஸ்?

பதில்: முதல் 3 மாதத்துக்குள் எடுத்ததுதான், தம்பி. அந்த முதல் மாதங்களில் வயிற்றுப் பிள்ளைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, நாள் சரியாகப் பிடிபடும். பிறகு ஒன்று தாயைப்போலச் சின்னது, ஒன்று தகப்பனைப்போல நெடுத்தது. அந்த முதல் துண்டைப் பொலித்தீன் உறையில் போட்டு அட்டையோடு வையுங்கள்.