கிரிப்பரில் போட்டிருக்கும் கிலோவை நம்பலாமா? கேள்வி பதில்

கே: அண்ணா, கையால் அழுத்தி மூடும் ஸ்பிரிங் கருவி, 10–60 கிலோ அட்ஜஸ்டபிள் கிரிப்பர் வாங்கினேன். 60 வைத்து இருபது தடவை அழுத்துகிறேன். ஆனால் நண்பனுடைய கேப்டன்ஸ் ஆஃப் க்ரஷ் என்ற கிரிப்பர் வரிசையின் நம்பர் 1 ஒரு தடவைகூட மூடவில்லை. அது 140 பவுண்டு, அதாவது 63 கிலோதானே?

ப: தம்பி, இந்த எண்ணுக்குப் பொதுவான அளவுகோலே கிடையாது. கதவைக் கைப்பிடியில் தள்ளிப் பாருங்கள், அப்புறம் கீலுக்குப் பக்கத்தில் தள்ளிப் பாருங்கள். கதவு அதேதான், விசை வேறு. கிரிப்பரிலும் அப்படித்தான். ஸ்பிரிங்குக்கு அருகே அளந்தால் எண் பெரிதாக வரும், பிடியின் நுனியில் அளந்தால் சிறிதாக வரும். எங்கே அளந்தான் என்று எவனும் அட்டையில் போடுவதில்லை. ஒரே கம்பெனியின் வரிசைக்குள் ஒப்பிடுங்கள்: நம்பர் 1 என்றால் 140, நம்பர் 2 என்றால் 195, நம்பர் 3 என்றால் 280 பவுண்டு. கம்பெனி மாறினால் அந்தக் கணக்கு செல்லாது.

கே: தினமும் எத்தனை தடவை அழுத்தணும் சார்?

ப: தினமும் வேண்டாம். வாரம் இரண்டு மூன்று நாள். முழங்கை உள்பக்கம் வலித்தால் அன்றே நிறுத்துங்கள்.

கே: கம்பெனி பொய்யா எழுதும்? நீங்க அளந்தீங்களா?

ப: பொய் என்று நான் சொல்லவில்லையே. அளந்து பார்க்க வழி இருக்கிறது. ஒரு பிடியை வைஸில் (பட்டறை இடுக்கியில்) இறுக்கி, மறு பிடியின் நுனியில் பட்டை மாட்டி, இரண்டும் தொடும்வரை எடை தொங்கவிடுவார்கள். ஆர்.ஜி.சி. என்று பெயர். இப்படி அளந்தால் நம்பர் 1 கிட்டத்தட்ட 35 கிலோவில் மூடிவிடும், அட்டையில் உள்ளதில் பாதிக்குச் சற்று மேல். வீட்டில் எடைக்கு அரிசி மூட்டை கட்டிச் செய்து பார்க்கிறவர்கள் அதன் கீழே காலை வைக்காதீர்கள்.

கே: ஒரே மாடல் இரண்டு வாங்கினேன், ஒன்று லேசாக இருக்கிறது. டூப்ளிகேட்டா?

ப: இருக்கணும்னு இல்லை. நல்ல கேள்வி இது. ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் (தடிமன் × தடிமன் × தடிமன் × தடிமன்) ஏறும். 5 மி.மீ. கம்பி 5.5 ஆனால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, சுமார் 46 சதவீதம் கடினம். தடிமனில் தலைமுடி அளவு வித்தியாசம் போதும், கைக்குத் தெரியும். சுற்றின் விட்டம் பெரிதானாலும் சுற்று கூடினாலும் லேசாகும். பிடிகள் அகலமாக விரிந்திருந்தால் மூடும்போது அதிகம் முறுக்க வேண்டும், அதனால் கடைசி அரை அங்குலம் கொல்லும். புதிய ஸ்பிரிங்கும் கொஞ்ச நாளில் சற்றுத் தளரும்.

கே: முன்கை பெரிதாகுமா?

ப: ஓரளவு. வெறும் கிரிப்பரால் ஆகாது.

கே: மறுபடியும் நான்தான், 60 கிலோ கிரிப்பர்காரன். கம்பி தடிமனை விடுங்க. 60 கிலோ என்றால் 60 கிலோ. நான் பிடி விசையை அளக்கும் டைனமோமீட்டரில் 48 தான் காட்டினேன், ஆனா 60ஐ மூடுறேன். அப்போ மீட்டர்தானே தப்பு?

ப: தப்பு மீட்டரில் இல்லை, நீங்கள் நம்பும் அட்டையில். அசையாத பிடியை அழுத்தும்போது வரும் உச்ச விசையைத்தான் மீட்டர் காட்டும். உங்கள் கிரிப்பரில் திருகைத் திருகினால் ஸ்பிரிங் பிடிக்கும் இடம் நகர்கிறது, அவ்வளவுதான். அதன் மேல் அச்சடித்த கோட்டைத் தராசு என்று நினைக்கிறீர்கள். அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுப் பாருங்கள், பிறகு சண்டைக்கு வாருங்கள்.

கே: கேப்டன்ஸ் ஆஃப் க்ரஷ் நம்பர் 4 மூடியவர் உண்டா?

ப: உண்டு. 365 பவுண்டு. 1998இல் ஜோ கின்னி முதலில் மூடினார். அப்புறம் முறைப்படி மூடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கே: தினமும் 100 தடவை செய்தால்?

ப: மேலே படிக்கவும்.

கே: அண்ணா, 25 கிலோ மூட்டை தொங்கவிட்டேன். 60இல் வைத்த என் கிரிப்பர் மூடியே விட்டது.

ப: அட, நீங்களா! கால் பத்திரமா?