1866இல் பறிபோன குதிரைகளுக்கு இன்று இழப்பீடு கோர முடியுமா?

கேள்வி: நான் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வசிக்கிறேன். என் மனைவியின் முன்னோர் ஃபோர்ட் ஈரி அருகே விவசாயம் செய்தவர்கள். 1866 ஜூன் மாதம் அமெரிக்காவிலிருந்து ஆற்றைக் கடந்து வந்த ஃபீனியன் படையினர் தங்கள் இரண்டு குதிரைகளையும் சேணங்களையும் மூன்று பீப்பாய் மாவையும் எடுத்துச் சென்றதாக அவர்கள் அரசுக்கு எழுதிய மனுவின் நகல் வீட்டில் இருக்கிறது. அமெரிக்க அரசு மீது வழக்குத் தொடுக்கலாமா?

பதில்: தொடுத்தாலும் நிற்காது. உங்கள் மனைவியின் குடும்பத்துக்கு நேர்ந்த இழப்பு உண்மையல்ல என்பது இதற்குக் காரணமன்று. அந்த இழப்புக்காக அமெரிக்காவிடம் கேட்கும் உரிமை எவர் கையில் இருந்ததோ அவரே 1871இல் அதை விட்டுக்கொடுத்துவிட்டார் என்பதுதான் காரணம்.

அயர்லாந்தின் விடுதலைக்காகப் பிரிட்டனை நெருக்க எண்ணிய ஃபீனியன் இயக்கத்தினர், ஜான் ஓநீலின் தலைமையில் பஃபலோ நகரத்தருகிலிருந்து நயாகரா ஆற்றைக் கடந்து, ஜூன் 2 அன்று ரிட்ஜ்வேயில் கனடியத் தொண்டர் படையைத் தோற்கடித்தனர். அவர்கள் அமெரிக்க மண்ணில் பகிரங்கமாகவே ஆள் திரட்டியிருந்தும், அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனின் நடுநிலைமைப் பிரகடனம் ஜூன் 6 அன்றுதான் வெளிவந்தது. ஆகவே, அண்டை நாட்டைத் தாக்கத் தன் மண்ணைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதில் அமெரிக்கா உரிய கவனம் காட்டவில்லை என்ற வாதத்துக்கு வலு இருந்தது.

ஆனால் ஒரு நாட்டின் குடிமகனுக்கு இன்னொரு நாடு இழைத்த தீங்குக்கு, சர்வதேசச் சட்டப்படி, அவனுடைய நாடுதான் உரிமை கோர வேண்டும். கனடாவுக்கு அன்று வெளியுறவு அதிகாரம் இல்லாததால் அந்த உரிமை பிரிட்டனிடம் இருந்தது. 1871 மே 8 அன்று கையெழுத்தான வாஷிங்டன் உடன்படிக்கைக்கான பேச்சில் ஃபீனியன் இழப்புகளை விவாதிக்க அமெரிக்கத் தரப்பு மறுத்தது, பிரிட்டன் வற்புறுத்தவில்லை. பேச்சில் பங்கேற்ற கனடியப் பிரதமர் ஜான் மெக்டொனால்டின் மனக்குறையைத் தணிக்க, கனடா வாங்கவிருந்த 25 லட்சம் பவுன் கடனுக்குப் பிரிட்டன் ஜாமீன் நின்றது. அந்த ஜாமீனால் எந்த விவசாயிக்கும் குதிரை திரும்பவில்லை. இதே 'உரிய கவனம்' என்ற அளவுகோலை வைத்துத்தான், பிரிட்டனில் கட்டப்பட்டு அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களுக்காக இயங்கிய அலபாமா முதலிய போர்க்கப்பல்கள் செய்த நாசத்துக்காக, 1872இல் ஜெனீவா நடுவர் மன்றம் பிரிட்டனிடமிருந்து அமெரிக்காவுக்கு 1.55 கோடி டாலர் வழங்கியது என்பதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

அமெரிக்க நீதிமன்றமும் உதவாது. அரசு ஊழியர்கள் இழைத்த தீங்குக்காக அரசின் மீதே வழக்குத் தொடுக்க வழிவிடும் அந்நாட்டுக் கூட்டரசின் தீங்கியல் இழப்பீட்டுச் சட்டம், வேற்று நாட்டில் எழுந்த கோரிக்கைகளை வெளிப்படையாகவே விலக்குகிறது. கனடிய நீதிமன்றத்தை நாடினால், குதிரைகளைப் பிடித்தவர்கள் அமெரிக்க அரசின் ஆட்கள் அல்லர் என்ற தடையையும், ஏறத்தாழ 160 ஆண்டுத் தாமதத்தையும் தாண்டவேண்டியிருக்கும்.

வழக்குக் கட்டணத்தைச் செலவிடுவதற்குப் பதிலாக, மனுவில் தேதி, முத்திரை, எண் ஏதேனும் உள்ளதா என்று பார்த்து, அதைக் கொண்டு ஒட்டாவாவிலுள்ள கனடிய நூலக ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். அந்த மனுவுக்குக் கனடிய அரசு என்ன பதில் தந்தது, தொகை ஏதேனும் வழங்கியதா என்பது அங்கே பதிவாகியிருக்கலாம்.