விம் எடிட்டரில் இத்தனை கட்டளைகளை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

டெர்மினலில் கோப்புகளைத் திருத்தும் விம்மின் கட்டளைப் பட்டியலை அச்செடுத்துத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியும் மனதில் நிற்கவில்லை, அவசரத்துக்கு எளிமையான நானோ எடிட்டரையே திறக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படி ஒரு பட்டியலோடு பல மாதம் மல்லாடியவன். முதலில் அதை எடுத்துவிடுங்கள். அதில் நூறு கட்டளைகள் நூறு தனிப் பொருட்கள் போலத் தெரியும், உண்மையில் அவை கொஞ்சம் வினைகளும் கொஞ்சம் பெயர்களும் சேர்ந்து உண்டாகிற தொடர்கள்.

டெலீட்டுக்கு டி, சேஞ்சுக்கு சி, நகலெடுக்கிற யாங்குக்கு ஒய். மூன்றும் வினைகள். விசைகள் எழுத்தாகாமல் கட்டளையாகும் நார்மல் மோடில் டியை மட்டும் அழுத்தினால் ஒன்றும் நடக்காது, 'எதை?' என்று விம் காத்திருக்கும். டபிள்யூ அழுத்தினால் அடுத்த சொல் தொடங்கும் இடம் வரை அழியும், டாலர் குறி அழுத்தினால் வரியின் முடிவு வரை, பெரிய எழுத்து ஜி என்றால் கோப்பின் கடைசி வரை. இப்போது டியின் இடத்தில் ஒய்யை வையுங்கள், அழிந்ததெல்லாம் நகலாகும். வினையையே இரண்டு முறை அழுத்தினால் முழு வரி, முன்னால் 3 என்று தட்டினால் மூன்று வரி. ஆறேழு எழுத்துதான் தெரியும், ஆனால் கைவசம் இருபது கட்டளைக்கு மேல் வந்துவிட்டது.

எனக்கு விம் பிடித்துப்போனது இதற்கு அடுத்த படியில். சி, ஐ, இரட்டை மேற்கோள் குறி என்று வரிசையாக அழுத்திப் பாருங்கள். கர்சர் மேற்கோளுக்குள் எந்த எழுத்தின் மேல் இருந்தாலும் சரி, உள்ளே இருப்பது மொத்தமும் போய், புதிதாகத் தட்டச்சு செய்யத் தயாராக நிற்கும். ஐ என்பது இங்கே இன்னர், அதாவது 'உள்ளே'. மேற்கோளுக்குப் பதில் அடைப்புக்குறி கொடுத்தால் அதற்குள் இருப்பது, டபிள்யூ கொடுத்தால் அந்தச் சொல். கான்ஃபிக் எனும் அமைப்புக் கோப்புகளில் மதிப்புகளை மாற்றுவதே வேலை என்றால், இந்த ஒன்றுக்காகவே விம் பழகலாம். அப்புறம் புள்ளி. கடைசியாகச் செய்த மாற்றத்தை அது திரும்பச் செய்யும். சாய்கோடு போட்டு ஒரு பெயரைத் தேடுங்கள், சி ஐ டபிள்யூ கொடுத்துப் புதுப் பெயரைத் தட்டி எஸ்கேப் அழுத்தி நார்மல் மோடுக்குத் திரும்புங்கள், அதற்குப் பிறகு அடுத்த இடத்துக்குப் போக என், மாற்றப் புள்ளி, மறுபடி என், புள்ளி. வேண்டாத இடத்தில் புள்ளியை விட்டு என் மட்டும் அழுத்தித் தாண்டிப் போகலாம்.

'அழி, சொல்லை' என்று வினை முன்னால் வருவது ஆரம்பத்தில் இடறினால் விஷுவல் மோடில் தொடங்குங்கள். வி அழுத்தி வேண்டியதை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுக் கடைசியில் டி. 'இந்தச் சொல்லை அழி' என்று நாம் பேசுகிற வரிசை அதுதான். நான் அப்படித்தான் பழகினேன், வேகம் பிறகு தானாக வந்தது.

ஏன் எல்லாம் ஒற்றை எழுத்து என்ற கேள்விக்கும் காரணம் உண்டு. விம்முக்கு முன்னோடியான வீஐ எடிட்டரை பில் ஜாய் 1976 வாக்கில் எழுதியபோது அவர் வீட்டிலிருந்து பயன்படுத்தியது 300 பாட் வேகமே உள்ள மோடம். திரை மெதுவாகத்தான் வரையப்படும், அதனால் குறைந்த விசையில் நிறைய வேலை நடக்க வேண்டியிருந்தது. அவர் வைத்திருந்த ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற, திரையும் கீபோர்டும் சேர்ந்த டெர்மினல் கருவியில் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன, அதனால்தான் விம்மில் இன்றும் அவை கர்சரை இடம், கீழ், மேல், வலம் என நகர்த்துகின்றன. எஸ்கேப் விசையோ இன்று டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இருந்தது. இன்றைய கீபோர்டில் அது தூரமாகத் தெரிந்தால் கன்ட்ரோலோடு இடது சதுர அடைப்புக்குறியை அழுத்துங்கள், அதே வேலை நடக்கும்.

அம்பு விசையைத் தொடவே கூடாது என்பவர்கள் பேச்சை இப்போதைக்குக் கேட்க வேண்டாம். எச் ஜே கே எல் பழகுவதைவிடத் தேடலும் டபிள்யூவும்தான் நேரத்தை மிச்சப்படுத்தும். யூ அழுத்தினால் செய்தது ரத்தாகும், கன்ட்ரோல் ஆர் அதைத் திரும்பக் கொண்டுவரும், சேமிக்காமல் வெளியேற முக்காற்புள்ளி, கியூ, ஆச்சரியக்குறி, பிறகு என்டர். இவை விரலில் இருந்தால் பயம் போய்விடும். ஒருமுறை கேப்ஸ் லாக் எரிவதைக் கவனிக்காமல் கீழே இறங்குவதாக நினைத்து ஜேயை அழுத்திக்கொண்டே இருந்தேன். பெரிய எழுத்து ஜே வரிகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும், ஒரு கான்ஃபிக் கோப்பின் பாதி ஒரே வரியானது. யூ தெரிந்திருந்ததால்தான் தப்பித்தேன். விம் விசித்திரமாக நடந்தால் முதலில் அந்த விளக்கைப் பாருங்கள்.

பயிற்சிக்கு டெர்மினலில் விம்டியூட்டர் என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகத் தட்டுங்கள். அரை மணி நேரப் பாடம், பெரும்பாலும் விம்மோடு சேர்ந்தே வரும், உங்கள் கோப்பு எதையும் தொடாது. ஒரே நாளில் முடித்துவிட்டு நிறுத்தாமல் மூன்று நாள் தொடர்ந்து செய்யுங்கள், பிறகு வாரத்துக்கு ஒரே ஒரு புதுக் கட்டளை.

தமிழிலும் எழுதுபவர் என்றால் எஸ்கேப் அழுத்தும்போதே தட்டச்சை ஆங்கிலத்துக்கு மாற்றிப் பழகுங்கள். தமிழ் விசைமுறை ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் அழுத்தும் டி விம்முக்கு டியாகப் போய்ச் சேராது, கட்டளையை மறந்துவிட்டதாக உங்களையே சந்தேகப்படுவீர்கள்.