டாக்டர் பதில்கள்: புராஸ்டேட் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: டாக்டர் ஐயா, வயது 64. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருக்க வேண்டியிருந்தது. போனாலும் முக்கிக்கொண்டு நின்றால்தான் வரும். ஸ்கேனில் புராஸ்டேட் 48 கிராம் என்றார்கள். டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் கேப்சூல் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் நல்ல குணம். ஆனால் ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தால் அதே 48 கிராம்! அப்படியானால் மாத்திரை வேலை செய்யவில்லையா? காலையில் எழுந்ததும் கேப்சூலைப் போட்டு, காபி குடித்துவிட்டு, பூப்பறிக்கக் கொல்லைப்புறம் போனால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. மெடிக்கல் ஷாப் தம்பி, "இது பிரஷர் மாத்திரை வகைதான்" என்கிறார். நான் ஏற்கெனவே பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன். இன்னொன்று, எழுதவே கூச்சமாக இருக்கிறது. தாம்பத்திய உறவின்போது விந்து வெளியே வருவதே இல்லை. மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?
- பெயர் வேண்டாம், கோவில்பட்டி

பதில்: நிறுத்த வேண்டாம் ஐயா. முதலில் சாப்பிடுகிற நேரத்தை மாற்றுங்கள். உங்கள் தலைச்சுற்றலில் பெரும்பங்கு அந்தக் காலை நேரத்தில்தான் இருக்கிறது என்பது என் ஊகம்.

டாம்சுலோசினை வெறும் வயிற்றில் போட்டால் மருந்து வேகமாக ரத்தத்தில் ஏறிவிடும். ஏறுகிற அளவும் கூடும். அந்த நேரத்தில் குனிந்து பூப்பறித்து நிமிர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிக் கண் இருட்டத்தான் செய்யும். காபியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்க முடியாது. தினமும் ஒரே வேளை, இரவுச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம் கழித்துப் போடுங்கள். கேப்சூலைத் திறந்து உள்ளே இருப்பதைத் தண்ணீரில் கலக்குவது, கடித்து விழுங்குவது எல்லாம் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை வெளிவிடும்படி செய்திருக்கிறார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த அல்ஃபூசோசின் 10 மில்லிகிராம் மாத்திரைக்குக் கதை வேறு. அதை வெறும் வயிற்றில் போட்டால் மருந்து பாதிதான் உடம்பில் சேரும். அதையும் இரண்டாக உடைக்கக் கூடாது.

ராத்திரி ஒண்ணுக்கு எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். உட்கார்ந்தே சிறுநீர் கழியுங்கள். வீட்டில் ஒரு சிறிய விளக்கு எரியட்டும். என்னிடம் வருகிற வயதானவர்களில் இடுப்பெலும்பு முறிவுக் கதைகள் பல, ராத்திரி பாத்ரூம் போகிற வழியில் தொடங்கியவைதான். அம்லோடிபின் எழுதிய டாக்டரிடமும் விஷயத்தைச் சொல்லி, உட்கார்ந்தும் நின்றும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். நேரத்தை மாற்றியும் கண் இருட்டினால் அவர் பிரஷர் மாத்திரையின் அளவைப் பார்த்துக்கொள்வார்.

சரி, 48 கிராம் ஏன் குறையவில்லை? குறையாது, குறைப்பது அதன் வேலையே இல்லை. புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத தசைகள் இருக்கின்றன. ஆல்ஃபா ஏற்பிகள் (தசையில் உத்தரவை வாங்கிக்கொள்ளும் இடங்கள்) வழியாக நரம்பு கொடுக்கும் உத்தரவில் அவை இறுகி, உள்ளே ஓடும் சிறுநீர்க் குழாயை நெரிக்கின்றன. டாம்சுலோசின் போன்ற ஆல்ஃபா தடுப்பு மருந்து அந்த உத்தரவை மறிக்கிறது. தோட்டத்து ரப்பர் குழாயை அழுத்திப் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்த மாதிரி. அதனால்தான் சில நாட்களிலேயே பலன் தெரிந்தது. சுரப்பியைச் சுருக்குவது ஃபினாஸ்டிரைடு, டூட்டாஸ்டிரைடு என்கிற வேறு வகை. அவை பலன் காட்ட ஆறு மாதம்கூட ஆகும். சுரப்பி பெரிதாக இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுப்போம். 2003-ல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், தனித்தனியாகக் கொடுத்ததைவிட இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது நோய் முற்றுவது நன்றாகவே குறைந்தது. பின்னால் உங்களுக்கும் சேர்க்க நேர்ந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: சுருக்கும் மருந்து, புராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்குப் பார்க்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை அளவைச் சுமார் பாதியாக இறக்கிவிடும். ரிசல்ட்டைப் பார்க்கிற டாக்டருக்கு அது தெரியாவிட்டால் புற்றுநோய் அறிகுறியைக் கோட்டைவிட வாய்ப்பு உண்டு.

மெடிக்கல் ஷாப் தம்பி சொன்னதில் பாதி உண்மை. 1970-களின் நடுவில் ஜெருசலேமில் மார்கோ கெயின் என்ற மருத்துவர் ஃபினாக்ஸிபென்ஸமின் என்ற பழைய ஆல்ஃபா தடுப்பு மருந்தைப் புராஸ்டேட்டுக்குக் கொடுத்துப் பார்த்தார். பலன் கிடைத்தது, பக்கவிளைவும் கூடவே வந்தது. பின்னால் வந்த டெராசோசின், டாக்ஸாசோசின் பிரஷருக்காகவே வந்தவை. குறைந்த அளவில் ஆரம்பித்துத்தான் ஏற்ற வேண்டும். டாம்சுலோசின், சிலோடோசின் இரண்டும் புராஸ்டேட்டில் அதிகமாக இருக்கும் ஏற்பியைக் குறிவைப்பவை. பிரஷரை அவ்வளவாகத் தொடாது. 'அவ்வளவாக' என்பதைக் கவனியுங்கள்.

விந்து விஷயத்தில் நீங்கள் கூச்சப்படவே வேண்டாம். இது மருந்தின் வேலை, ஆண்மைக் குறைவு இல்லை. சிலோடோசினில் இன்னும் அதிகம் வரும். எழுச்சியும் உச்சமும் வழக்கம்போலவே இருக்கும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, மருந்தை நிறுத்தினால் பழையபடி வந்துவிடும். குழந்தை பெறும் எண்ணம் இருப்பவர்களுக்கு மட்டும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். உங்களுக்கு மனசுக்குச் சங்கடமாக இருந்தால் அல்ஃபூசோசினுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், அதில் இது குறைவு. ராத்திரி டிவியில் வருகிற லேகிய விளம்பரத்துக்கு மட்டும் போன் போட்டுவிடாதீர்கள். வயாகரா வகை மாத்திரையையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் பிரஷர் இறங்கும்.

பஸ்ஸில் அடக்கி அடக்கி இருந்ததால் வந்ததோ என்று உங்கள் மனதில் ஓடலாம். கண்டக்டர்கள் எல்லோரும் கேட்பார்கள். இல்லை. வயதும் ஆண் ஹார்மோனும்தான் காரணம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது சளி மாத்திரை. மார்கழிப் பனியில் மூக்கடைப்பு என்று கடையில் ஒரு பட்டை வாங்கிப் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் ஒரு சொட்டுகூட இறங்காமல் அடிவயிறு கல் மாதிரி வீங்கி வருவார்கள். அந்த மாத்திரையில் இருக்கும் ஃபினைல்எஃப்ரின், உங்கள் கேப்சூல் தளர்த்தியதைத் திரும்ப இறுக்கும். கூடவே இருக்கும் குளோர்ஃபெனிரமின் சிறுநீர்ப்பையின் உந்துதலைக் குறைக்கும். டியூப் போட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். சளிக்கு மருந்து வாங்கும்போது புராஸ்டேட் தொல்லை இருப்பதைச் சொல்லி வாங்குங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. அடுத்த வாரம் கண்புரை ஆபரேஷன். புராஸ்டேட் மாத்திரையை அதற்காக நிறுத்த வேண்டுமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. கண் டாக்டரிடம் மாத்திரைப் பட்டையையே எடுத்துப் போய்க் காட்டுங்கள். டாம்சுலோசின் போன்ற மருந்து கருவிழிக்குப் பின்னால் இருக்கும் ஐரிஸ் திரையின் தசையையும் தளர்த்திவிடும். ஆபரேஷனின் நடுவில் அது தொளதொளவென்று அலையும், கண் பாப்பா சுருங்கும். 2005-ல்தான் கண் மருத்துவர்கள் இதற்கென ஒரு பெயர் வைத்து எழுதினார்கள். முன்கூட்டியே தெரிந்தால் அதற்கான மருந்தும் சிறு கொக்கிகளும் தயாராக வைத்துக்கொள்வார்கள். ஒரு வாரம் நிறுத்துவதால் திரை பழைய நிலைக்கு வந்துவிடும் என்று நம்ப முடியாது. எப்போதோ சாப்பிட்டு விட்டுவிட்டவர்களும் இதைச் சொல்ல வேண்டும்.

கேள்வி: வாக்கிங் நண்பர் இந்த மாத்திரையில் சௌக்கியமாக இருக்கிறார். அதையே நானும் வாங்கிச் சாப்பிடலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: கூடாது. சிறுநீர்க் குழாய்ச் சுருக்கம், கல், சர்க்கரை நோயில் நரம்பு கெட்ட சிறுநீர்ப்பை, புற்றுநோய் எல்லாமே இதே சிறுநீர்த் தொல்லையாகத்தான் காட்டும். சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), ஸ்கேன் முதலில் பாருங்கள். ஸ்கேனுக்கு நிறையத் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு போங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வந்த பிறகு இன்னொரு முறை பார்த்து, உள்ளே எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ரிப்போர்ட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவசரத்தில் சில இடங்களில் அதை விட்டுவிடுகிறார்கள்.